ஆய்வுத் தரவை அறிவிக்க எது உதவும்: பட்டியலா, படிவமா?

பொதுக் களஞ்சியத்திலிருந்து மரபணு வெளிப்பாட்டுத் தரவு ஒன்றை மறு அலசலுக்காக இறக்கினேன். மாதிரிப் பெயர்களில் 'கன்ட்ரோல்', 'நார்மல்', 'சி0' என்று மூன்று இருந்தன. மூன்றும் ஒன்றேயா, வேறு வேறா? கட்டுரையில் பதில் இல்லை. ஆய்வாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல் முகவரி செல்லாது என்று திரும்பி வந்தது. அந்தத் தரவை அப்படியே விட்டுவிட வேண்டியதாயிற்று. யாரோ தந்த ரத்தம், யாரோ செலவழித்த பணம் என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, 'இவற்றையாவது சொல்லுங்கள்' என்னும் குறைந்தபட்சத் தகவல் பட்டியல். மைக்ரோஅரே, அதாவது ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே சில்லில் அளக்கும் சோதனைகளுக்காக 2001இல் வந்த மியாமே பட்டியல் இதற்கு முன்னோடி. மூலத் தரவு, பதப்படுத்திய தரவு, மாதிரி விவரம், சோதனை வடிவமைப்பு, சில்லின் விவரம், செய்முறை ஆகிய 6 விஷயங்களைக் கேட்டது. எப்படி எழுதுவது என்பதை நம்மிடமே விட்டது. அதனால்தான் ஆய்விதழ்கள் அதைச் சட்டென்று ஏற்றன. அதன் பலவீனமும் அதுவே. 2005, 2006இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த 18 மைக்ரோஅரே கட்டுரைகளின் அலசல்களைத் திரும்பச் செய்து பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். முழுதாகத் தேறியவை 2. தேறவே தேறாதவை 10. தரவு கிடைக்காததுதான் முக்கியக் காரணம்.

விலங்குச் சோதனைக்கான அரைவ் பட்டியலின் கதையும் வேறல்ல. பிளாஸ் ஒன் இதழுக்கு வந்த கட்டுரைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும் பட்டியலை நிரப்பித் தரக் கேட்டுப் பார்த்தார்கள். இரு தரப்பிலும் ஒரு கட்டுரைகூட முழுமையாகத் தேறவில்லை. 2020இல் வந்த திருத்தம், இன்றியமையாத 10 அம்சங்களைத் தனியாகப் பிரித்து முன்னால் வைத்தது.

இரண்டாவது வழி, படிவம்: எந்தத் தகவல் எந்த இடத்தில் வர வேண்டும் என்று முன்பே கட்டமைத்த கோப்பு வடிவம். மைக்ரோஅரே தரவுக்கான மேஜ்-எம்எல் வடிவம், தகவலைக் குறிச்சொற்களுக்குள் அடைக்கும் கணினி மொழியான எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்டது. கணினிக்குப் பிடித்தது, நிரலாளர் இல்லாத ஆய்வகத்துக்கு எட்டாக்கனி. ஆகவே 2006இல் மேஜ்-டேப் வந்தது. சாதாரண அட்டவணைதான். ஒரு வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால் திசு, அதிலிருந்து எடுத்த ஆர்என்ஏ, இட்ட சாயம், சில், கடைசியில் கோப்பின் பெயர் என்று மாதிரி நடந்த பாதை முழுதும் தெரியும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் கண்ணில் உறுத்தும். பத்தியாக எழுதினால் அந்த ஓட்டை மறைந்துவிடும். பின்னால் வந்த ஐசா-டேப் இதே முறையைப் பிற வகைச் சோதனைகளுக்கும் விரித்தது.

அட்டவணைக்கும் ஆபத்து உண்டு. விரிதாள் மென்பொருள் 'செப்ட்2' என்ற மரபணுவைச் செப்டம்பர் 2ஆம் தேதியாக்கிவிடும். கடைசியில் மரபணுவின் பெயரையே 'செப்டின்2' என்று மாற்ற வேண்டி வந்தது.

மூலக்கூறு அளவீடுகளுக்கு நான் தயங்காமல் படிவத்தையே சொல்வேன். கட்டங்களில் பொதுச் சொற்களஞ்சியத்திலிருந்து எடுத்த சொற்கள் மட்டுமே வர வேண்டும். இல்லையேல் 'சி0' அங்கேயும் நுழையும். விலங்குகளை எப்படிக் குழு பிரித்தார்கள், எத்தனை விலங்கு போதும் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதற்கெல்லாம் விளக்கம் வேண்டும். கட்டத்துக்குள் அது அடங்காது. அங்கே பட்டியல்தான் சரி. ஆனால் அதைக் கட்டுரை அனுப்பும் இரவில் எடுத்தால் பயனில்லை. முதல் விலங்கு கூண்டுக்குள் வருமுன்பே அந்தப் பட்டியல் மேசையில் இருக்க வேண்டும்.