டொமைன் விற்பனை: புஷ்ஷா, ட்ரான்ஸ்பரா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடை கைமாறுகிறது. அதன் டொட் கொம் பெயரும் (டொமைன், அதாவது இணைய முகவரி) சேர்ந்தே போக வேண்டும். வழி இரண்டு. வாங்குபவர் அதே ரெஜிஸ்ட்ராரில் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) கணக்குத் திறக்க, கணக்குவிட்டுக் கணக்குத் தள்ளுவது புஷ். வேறு ரெஜிஸ்ட்ராருக்கே பெயரைக் கொண்டுபோவது ட்ரான்ஸ்பர்.

விற்பனைக்குப் புஷ்தான் எங்கள் தெரிவு. வாங்குபவரின் பயனர் பெயர் கிடைத்தால் பெரும்பாலும் சில நிமிட வேலை, அனேகமாகக் கட்டணமும் இல்லை. காலாவதித் தேதி மாறாது.

ட்ரான்ஸ்பருக்கு, பெயர் நகராதபடி போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, ஓத் கோட் (மாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) எடுத்து, புதிய இடத்தில் ஒரு வருடக் காசு கட்ட வேண்டும். அந்த வருடம் மிச்சத்தோடு சேரும். மொத்தம் 10 வருடத்தைத் தாண்டாது. பழைய ரெஜிஸ்ட்ரார் 5 நாள் பேசாமல் இருந்தால் பெயர் தானாகப் போய்விடும். பதிவு செய்தோ முன்பு மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் நகராது.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்: முதலில் உரிமையாளர் விபரத்தை வாங்குபவரின் பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு ட்ரான்ஸ்பர் கேட்கிறார்கள். அந்த மாற்றமே 60 நாள் பூட்டைப் போடும். சில ரெஜிஸ்ட்ரார்கள் முன்கூட்டியே அந்தப் பூட்டை வேண்டாமென்று சொல்ல இடம் தருவார்கள், எல்லாரும் அல்ல. புஷ்ஷிலும் உரிமையாளர் பெயர் மாறுவதால், வாங்குபவர் அதே ரெஜிஸ்ட்ராரிலேயே இரண்டு மாதம் இருக்க நேரலாம். விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

தளமும் மின்னஞ்சலும் செத்துப்போவது பெரும்பாலும் ட்ரான்ஸ்பரில். பழைய ரெஜிஸ்ட்ராரின் இலவச நேம்சர்வரில் (தளமும் மின்னஞ்சலும் எங்கே என்று காட்டும் சர்வர்) ஓடினால், பெயர் போனதும் அவர்கள் அதை நிறுத்தக்கூடும். அதிலுள்ள ஏ, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி பதிவுகளை முதலே புதிய இடத்தில் எழுதி, நேம்சர்வரை மாற்றி, மின்னஞ்சல் வருகிறதா என்று பார்த்த பிறகே ஓத் கோட் கேளுங்கள். டிஎன்எஸ்செக் (பதிவுகள் போலியல்ல என்று உறுதிசெய்யும் கையொப்பம்) போட்டிருந்தால், நேம்சர்வரைத் தொடுமுன் அதற்குரிய டிஎஸ் பதிவை நீக்கி ஒரு நாள் பொறுங்கள். நீக்காமல் விட்டால் சிலருக்குத் தளம் திறக்கும், சிலருக்குத் திறக்காது. காரணம் தேடியே ஆள் களைத்துவிடுவார்.

காசு விஷயம் தனி. இருவரும் யாழ்ப்பாணத்தில் என்றால் ஒரே மேசையில் இருந்து வங்கிப் பணமாற்றத்தையும் புஷ்ஷையும் முடிக்கலாம். வாங்குபவர் ரொறன்ரோவில் என்றால் எஸ்க்ரோ.கொம் போன்ற நடுவர் வேண்டும்: காசு அவரிடம் கட்டப்பட்ட பிறகே பெயர் நகரும், வாங்குபவர் சரி என்றதும் காசு விடுபடும். நடுவர் கட்டணம் யாருடையது என்பதை முதலே எழுதிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டின் படத்தை நம்பிப் பெயரைத் தள்ளாதீர்கள். கார்ட்டில் கட்டிய காசைத் திருப்பி வாங்கலாம், போன பெயரை மீட்பது பெரும்பாடு.

அட்வான்ஸ் கொடுக்குமுன் ரெஜிஸ்ட்ரார் கணக்கு யார் கையில் என்று கேளுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பெயர்கள் லண்டன் மச்சானின் கார்ட்டிலோ தளம் செய்து தந்த பெடியனின் கணக்கிலோ கிடக்கும். பெயரை நகர்த்த அவர்களால்தான் முடியும், கடைக்காரரால் அல்ல.

இலங்கையின் டொட் எல்கேக்கு, டொட் கொம் போன்றவற்றுக்கு விதி வகுக்கும் அமைப்பான ஐகானின் இந்த 5, 60 நாள் கணக்கெல்லாம் பொருந்தாது. எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் நடைமுறையைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

டொட் கொம் காலாவதியாகும் தறுவாயில் இருந்தால் தேதிக்கு முன்னமே ட்ரான்ஸ்பரைத் தொடங்குங்கள். காலாவதிக்குப் பின் புதுப்பித்து 45 நாளுக்குள் மாற்றினால், புதுப்பித்த வருடம் கழிந்துவிடும்: இரண்டு முறை கட்டியதற்கு ஒரு வருடந்தான் கிடைக்கும்.