எக்செல் ஷீட் பூட்டைத் திறக்க செவன்-ஸிப்: பல வருட அனுபவம்

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஃபார்முலாவை யாரும் கலைத்துவிடக் கூடாது என்று ஷீட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார். வரி விகிதம் மாறும்போது அந்த ஒரு செல்லைத் திருத்த வழியில்லாமல் மற்றவர்கள் முழிப்பார்கள். எங்கள் அலுவலக ஃபைல்களில் இப்படி வரும்போதெல்லாம் நான் நம்பியிருப்பது செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருளைத்தான்.

ஃபைல் திறக்கிறது, திருத்த மட்டும் விடவில்லை என்றால் அது ஷீட் பூட்டு. எக்செல் 2007 முதல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை, அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நகலை செவன்-ஸிப்பில் திறந்தால் எக்ஸ்எல் என்ற ஃபோல்டர், அதற்குள் ஒர்க்‌ஷீட்ஸ், அதற்குள் ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். உரியதைத் தேர்ந்து எஃப்4 அழுத்தினால் நோட்பேடில் திறக்கும். ‘ஷீட்புரொடெக்‌ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை (sheetProtection) தேடி, அந்த டேகை < குறியிலிருந்து /> வரை முழுதாக அழித்துச் சேமித்து மூடினால், மூட்டையைப் புதுப்பிக்கவா என்று கேட்கும். சரி கொடுத்தால் பூட்டு போய்விடும். பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் நாம் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை.

மூட்டையை வெளியே பிரித்துத் திரும்பக் கட்டும் முறையைப் பலர் சொல்வார்கள். அதில் ஃபோல்டரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஃபைல் பழுது என்று எக்செல் சொல்லிவிடும். உள்ளேயே திருத்துவதுதான் நிம்மதி.

பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்களுக்கு மேக்ரோ (எக்செலுக்குள் ஓடும் சிறு நிரல்) உண்டு. அந்தக் காலத்து ஷீட் பாஸ்வேர்ட் வெறும் 16 பிட் எண்ணாகச் சுருக்கப்பட்டதால், அதிகபட்சம் 1,94,560 சேர்க்கைகளை முயன்றால் ஏதோ ஒன்று பொருந்திவிடும். அசல் பாஸ்வேர்ட் கிடைக்காது, ஆனால் பூட்டு திறக்கும்.

ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்டால் கதை வேறு. செவன்-ஸிப்பில் பார்த்தால் எக்ஸ்எல் ஃபோல்டரே இருக்காது, ‘என்கிரிப்டட் பேக்கேஜ்’ என்று ஒரு கட்டிதான் முக்கியமாக இருக்கும். அழிக்க டேகே கிடையாது. எக்செல் 2010 முதல் ஒவ்வொரு யூகத்துக்கும் ஒரு லட்சம் முறை ஹாஷ் (பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றும் கணக்கு) போட வேண்டும், அதனால் யூகிப்பது மிக மெதுவாகத்தான் நடக்கும். ஹாஷ்கேட் போன்ற, பாஸ்வேர்டை யூகித்துப் பார்க்கும் கருவிகள் உதவுவது, ‘கம்பெனி பெயரும் ஏதோ ஒரு வருடமும்’ என்கிற அளவுக்காவது ஞாபகம் இருந்தால்தான்.

ஃபைலை ஏற்றினால் பாஸ்வேர்டை எடுத்துத் தருகிறோம் என்னும் தளங்கள் பக்கம் நான் போவதே இல்லை. சம்பளப் பட்டியலில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும், அதை முகம் தெரியாதவரிடம் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

எங்கள் அலுவலகத்தில் யாராவது விலகும்போது, அவரையே உட்காரவைத்து ஒவ்வொரு ஃபைலிலும் ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் வரை போய், பெட்டியைக் காலியாக்கி, ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்டை நீக்கிச் சேமிக்கச் சொல்கிறோம்.