பிவிசி குழாயில் நுரை டார்ட் துப்பாக்கி: மதிப்புரை

பிளம்பிங் குழாய்த் துண்டுகளை வைத்துச் செய்யும் நுரை டார்ட் (சிறு நுரை அம்பு) துப்பாக்கிகளில் பல வகை உண்டு. இங்கே பார்ப்பது ஸ்பிரிங்கும் பிஸ்டனும் வைத்து, கையால் பின்னுக்கு இழுத்துச் சுடும் வகை. டார்ட்களை அடுக்க ஒரு ஒய் ஜாயிண்ட் (Y வடிவக் குழாய் இணைப்பு) உண்டு. கடையில் விற்கும் பொம்மைத் துப்பாக்கிக்கு இது ஈடாகுமா? ஈடாகும், பல நேரம் மிஞ்சவும் செய்யும், காற்று கசியாமல் செய்திருந்தால். செய்கிறவர்கள் முதலில் வலுவான ஸ்பிரிங்கைத் தேடி அலைகிறார்கள். கசிகிற பிஸ்டனுக்குப் பின்னால் எத்தனை வலுவான ஸ்பிரிங் போட்டாலும் இழுக்கிற கைதான் வலிக்கும், டார்ட் தூரம் போகாது.

சுடும் குழலுக்கு அரை அங்குல சிபிவிசி (வெந்நீர்க் குழாய்க்கான பிவிசி வகை) குழாய்தான் சரி. வெளிவிட்டம் 15.9 மி.மீ., எஸ்டிஆர் 11 வகையில் (எஸ்டிஆர் என்பது வெளிவிட்டத்துக்கும் சுவர்த் தடிமனுக்கும் உள்ள விகிதம்) உள்விட்டம் சுமார் 12.4 மி.மீ. நுரை டார்ட்டின் விட்டம் சுமார் 12.7 மி.மீ. என்பதால் லேசான இறுக்கத்தோடு உட்காரும். எஸ்டிஆர் 13.5 வாங்கிவிட்டால் சுவர் மெல்லியது, துளை பெரியது. டார்ட்டைச் சுற்றிக் காற்று ஓடிவிடும். வாங்குமுன் ஒரு டார்ட்டை உள்ளே விட்டுப் பாருங்கள். குழாயைச் சாய்த்தால் தானாக நழுவக் கூடாது, வாயால் ஊதினால் தடையின்றிப் போக வேண்டும். குழாயை விலக்கி வைத்து மூச்சை நிரப்பிக்கொண்டு பிறகுதான் வாய் வைக்க வேண்டும். குழாயில் வாயை வைத்தபடி மூச்சை உள்ளே இழுத்தால் டார்ட் தொண்டைக்குப் போகும்.

குழல் எவ்வளவு நீளம் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நீளமாக இருந்தால் தூரம் போகும் என்று நினைத்து 60 செ.மீ. வைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். பிஸ்டன் ஓடும் குழாயான ஒன்றேகால் அங்குல ஸ்கெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் தரம்) பிவிசியின் உள்விட்டம் சுமார் 35 மி.மீ. பிஸ்டன் 120 மி.மீ. நகர்ந்தால் தள்ளும் காற்று சுமார் 115 கன செ.மீ. 30 செ.மீ. குழலுக்குள் 36 கன செ.மீ. இடம். மூன்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் நன்றாக வேலை செய்கிறது. 60 செ.மீ. குழலில் அதே காற்று விரிந்து அழுத்தம் இழந்துவிடும், மீதித் தூரத்தில் உராய்வு டார்ட்டைப் பிடித்து இழுக்கும். 10 செ.மீ. மட்டும் வைத்தால் பெரும்பகுதிக் காற்று டார்ட்டுக்குப் பின்னால் வீணாகும். சத்தம் மட்டும் பெரிதாக வரும்.

பிஸ்டன் தலைக்கு 33 மி.மீ. விட்டத்தில் இரண்டு பாலிகார்பனேட் வில்லைகள், நடுவே ஓரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்). அக்ரிலிக் வேண்டாம், பத்து முறை மோதியதுமே விரிசல் விடலாம். ஓரிங்கின் வெளிவிட்டம் குழாயின் துளையைவிட அரை மி.மீ. அளவுக்கே கூடுதலாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் உராய்வு ஸ்பிரிங்கின் சக்தியைத் தின்றுவிடும். கைப்பம்பின் கிண்ண வடிவத் தோல் வாஷர் அளவு ஒத்துவந்தால் ஓரிங்கைவிட அதுவே மேல். கிண்ணத்தின் வாய் முன்பக்கம் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற அதுவே விரிந்து சுவரோடு ஒட்டும். சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாஸ்லின், எந்திர எண்ணெய் இரண்டும் இயற்கை ரப்பரை ஊதவைக்கும். பிஸ்டன் மோதும் இடத்தில் 5 மி.மீ. நுரைத் துண்டு ஒட்டாவிட்டால் முன்னால் உள்ள ரெட்யூசர் (பெரிய குழாயைச் சிறியதோடு சேர்க்கும் இணைப்பு) விரைவில் கழன்றுவிடும்.

சோதிப்பது எளிது. குழலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பிஸ்டனைத் தள்ளுங்கள். எதிர்த்து நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் குற்றவாளி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகின் முனை, அல்லது உப்புத்தாள் போடாத ரம்ப வெட்டு. இரண்டும் ஓரிங்கைக் கிழித்துவிடும். இணைப்புகளைச் சொல்யூஷன் போட்டு ஒட்டாமல் சிறு திருகுகளால் இறுக்குங்கள். இந்தத் துப்பாக்கியை ஒருமுறையாவது பிரிக்காமல் இருக்க முடியாது.

விசைதான் (ட்ரிகர்) இந்த வடிவத்தின் பலவீனம். துணிக் கிளிப்பைக் குழாயின் பின்பகுதியில் பொருத்தி, அதன் வாய் பிஸ்டன் தண்டின் பள்ளத்தில் விழும்படி செய்வது மலிவான வழி. ஆனால் பிளாஸ்டிக் பள்ளத்தின் விளிம்பு மழுங்கியதும் விசை தானாக விடுபடும். பள்ளத்தின் ஓரத்தில் ஓர் உலோக வாஷரை நிறுத்தினால் வெகுநாள் தாங்கும். கிளிப்புக்காக வெட்டும் துளையை ஓரிங் கடக்காத தூரத்தில் வைக்க மறக்க வேண்டாம்.

ஒய் ஜாயிண்டில் பின்வாயில் காற்று, முன்வாயில் குழல், சாய்ந்த கிளையில் டார்ட்களை அடுக்கும் குழாய். 15.9 மி.மீ. சிபிவிசிக் குழல், ஸ்கெட்யூல் 40 வகை அரை அங்குலப் பிவிசிக்குள் நுழையாது. மெல்லிய சுவர் பிவிசித் துண்டு எடுத்து, சிபிவிசிமேல் இன்சுலேஷன் டேப் சுற்றி அதற்குள் இறுக்குங்கள். குழலின் பின்விளிம்பை உள்பக்கம் சாய்வாகத் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் டார்ட் அங்கேயே மடங்கி நிற்கும். அடுக்குக் குழாயின் மூடியும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். 72 மி.மீ. முழு நீள டார்ட் இந்த வளைவில் சிக்குகிறது. பாதி நீளம், சுமார் 36 மி.மீ., தடையின்றி ஓடும்.

டார்ட்டையும் வீட்டிலேயே செய்யலாம். கட்டட இடைவெளிகளில் திணிக்கும் நுரைக் கயிறு சுருளாக வருவதால் வளைந்திருக்கும். எடை கட்டித் தொங்கவிட்டு, முடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கி நேராக்குங்கள். முனையில் சிறு வாஷரை ஹாட் க்ளூவால் ஒட்டி, அதன்மேல் மெத்தென்ற ஃபெல்ட் வட்டம். மொத்த எடை ஒரு கிராம் அளவில் இருக்கட்டும். பசை மட்டும் திரண்ட கெட்டி முனையோ, மூடாத வாஷரோ மனிதர் பக்கம் போகவே கூடாது. முகத்துக்கு நேரே சுடுவதில்லை, விளையாடும் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இந்தக் குழாயில் பம்பு வைத்து அழுத்தக் காற்றைச் சேமித்துச் சுடும் வடிவங்களும் உலவுகின்றன. அவற்றைச் செய்யாதீர்கள். பிவிசி வெடித்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும். ஸ்பிரிங் வகையில் அழுத்தம் கண நேரமே இருக்கிறது, தேங்கி நிற்பதில்லை; இதைப் பரிந்துரைக்க அதுவே முதல் காரணம். செய்து முடித்ததும் ஆரஞ்சு, பச்சை போன்ற பளிச்சென்ற நிறம் அடியுங்கள். கறுப்பு வேண்டாம், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உண்மைத் துப்பாக்கியாகத் தெரியும்.