ஏசி மணிக்கு எவ்வளவு குடிக்கும்? ஆறு வருஷ நோட்டுக் கணக்கு

2019-ல் எடுத்த வேகன்ஆர். 998 சிசி, மூன்று சிலிண்டர், மேனுவல் கியர், திருகு வைத்த சாதாரண ஏசி. ஈரோட்டில் நூல் கமிஷன் தொழில் எனக்கு. வாரத்தில் இரண்டு நாள் திருப்பூர், பத்து நாளுக்கு ஒருமுறை கரூர், எப்போதாவது உடுமலை, பல்லடம் மில்கள். வண்டி 94,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே உண்டு. வீட்டில் அதற்கு "மாமாவோட ஜாதக நோட்டு" என்று பெயர்.

ஏசி போட்டால் மைலேஜ் எவ்வளவு குறையும் என்று கேட்டால் ஒருவர் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்பார், இன்னொருவர் நாலு என்பார். இரண்டுமே சரியாக இருக்க முடியும் என்பது எனக்குப் புரியவே மூன்று வருஷம் ஆனது. புரியவைத்தது அப்பா. கோபி பக்கம் நெல்லும் மஞ்சளும் போட்டவர். நான் நோட்டைக் காட்டி, ஊருக்குள் இவ்வளவு, ரோட்டில் இவ்வளவு என்று குழப்பிக்கொண்டிருந்தபோது, "ஏன் சாமி, தண்ணி இறைக்கிற எண்ணெய் இன்ஜினுக்கு மணிக்கு இத்தனை லிட்டருன்னுதானே கணக்கு? தண்ணி எத்தனை மைல் ஓடுச்சுன்னா கேப்போம்?" என்றார்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் மணிக்கணக்காக மாற்றிப் போட்டேன். ஈரோட்டுக்குள் பன்னீர்செல்வம் பார்க், ஜிஹெச் ரவுண்டானா என்று ஊர்ந்தால் சராசரி வேகம் 18 கிலோமீட்டர்தான். ஏசி இல்லாமல் லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி, சித்திரை வெயிலில் ஏசியோடு 12 கொடுத்தது. பார்த்தால் பகீரென்று இருக்கும். பெருந்துறை தாண்டி தேசிய நெடுஞ்சாலையில் 80-ல் சீராக விட்டால் ஏசி இல்லாமல் 21.5, ஏசியோடு 19.6. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டுப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஏசி கூடுதலாகக் குடித்தது ஏறக்குறைய ஒரே அளவு: முக்கால் லிட்டரில் பாதி. இன்றைய விலைக்கு நாற்பது ரூபாய்க்குச் சற்றுக் கீழே. பொள்ளாச்சி இளநீர் ஒன்றின் விலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் ரோட்டில் 80 கிலோமீட்டர் போகிறோம், ஊருக்குள் 18. இளநீர் என்னவோ ஒன்றுதான்.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசரை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. வண்டி போகிறதா நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. உள்ளே எவ்வளவு சூடு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். குளிர்ச்சி வந்ததும் காந்த கிளட்ச் கழன்று கம்ப்ரசர் நிற்கும், மறுபடி சூடானால் "டக்" என்று பிடிக்கும். மெக்கானிக்குகள் இதைக் கட் ஆவது என்பார்கள். மார்கழிக் காலையில் அடிக்கடி கட் ஆகும். மே மாதம் கரூர்ப் பக்கம் அனல் அடிக்கும் க.பரமத்தி வழியாகப் போனால் கட் ஆவதே அபூர்வம்.

நோட்டுக் கணக்கு எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பங்க், ஒரே பெட்ரோல் குழாய் முனை, அது தானாக நிற்கும்வரை மட்டும். டயர் காற்று ஒரே அளவு. ஒரு தடவை போட்டுப் பார்த்து முடிவு சொல்வதில்லை. அரை லிட்டர் முன்னே பின்னே போகும். குறைந்தது நாலைந்து முறை எடுத்த சராசரிதான் மேலே இருப்பது. வண்டி எடுத்தபோது ஷோரூமில் சொன்ன மைலேஜோடு இதை ஒப்பிட வேண்டாம், அது ஏசியை அணைத்துச் சோதனைக் கூடத்தில் எடுத்தது.

கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் மிச்சமாகாதா? ஊருக்குள் நிச்சயம் ஆகும். நெடுஞ்சாலையில் 80-ல் நாலு கண்ணாடியும் இறக்கியபோது எனக்குக் கிடைத்தது 20.4. ஏசி தின்பதில் பாதிக்கு மேல் காற்று தின்றுவிட்டது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நாலு மடங்காகும், அதனால் 100-ல் போகிறவருக்குக் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதே மேல். பங்குனியில் ஒரு வாரம் பிடிவாதமாக ஏசி இல்லாமல் திருப்பூர் போய் வந்தேன். குமரன் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "அங்க மழைங்களா?" என்றார். அதோடு அந்தச் சோதனை முடிந்தது.

காற்று என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மாதத்தில் மேற்கே போகும்போது மைலேஜ் விழுவது ஏசியால் விழுவதைவிட அதிகம். திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ளி, கொஞ்சம் திருப்பித் தந்துவிடும். இது தெரியாமல் முதல் வருஷம் ஆடியில் ஏசியைத் திட்டித் தீர்த்தேன்.

மூன்றாவது வருஷக் கோடையில் ஊருக்குள் மைலேஜ் பத்தரைக்கு வந்தது. குளிர்ச்சியும் இல்லை. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேஸ் குறைந்துவிட்டது என்று ஏற்றி 1,800 ரூபாய் வாங்கினார்கள். எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் பழைய கதை. அப்புறம் பெருந்துறை ரோட்டில் தனியாகக் கடை போட்டிருக்கும் ஏசி மெக்கானிக் ஒருவர் முன்கிரில்லைக் கழற்றிக் காட்டினார். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் முழுக்கப் பஞ்சும் தூசியும் மெத்தை மாதிரி அப்பியிருந்தன. மில் வாசலிலும் பனியன் கம்பெனி வாசலிலும் நிறுத்தி நிறுத்திச் சேர்ந்தது. "மூக்கடைச்சவனை ஓடச் சொன்னா மூச்சு வாங்காதுங்களா?" என்றார். சூடு வெளியே போகாததால் கம்ப்ரசர் கட் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கேஸ் கசிந்தது ஏற்றும் இடத்தில் இருக்கும் சின்ன வால்வில். தகடுகள் மடங்காமல் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, வால்வை மாற்றி, உள்ளே இருக்கும் ஏசி ஃபில்டரையும் தட்டிப் போட்டார். மறுவாரமே பன்னிரண்டு திரும்பியது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு கழுவல்.

இன்னொரு தப்பையும் ரொம்ப நாள் செய்தேன். மிச்சம் பிடிக்கிறேன் என்று குளிர்த் திருகை நீலத்திலிருந்து சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பேன். என் வண்டி மாதிரியான சாதாரண ஏசியில் அது குளிர்ந்த காற்றோடு எஞ்சின் சூட்டைக் கலந்து தருகிறது, அவ்வளவுதான். கம்ப்ரசர் வேலை குறைவதில்லை. குறைக்க வேண்டியது ஃபேனை. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தாலே அந்த "டக்" சத்தம் அடிக்கடி கேட்கும். வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது கதவைத் திறந்து விட்டு, ஓரிரு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டி அனலை வெளியேற்றிவிட்டு, அப்புறம் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்துகிறேன். வெளியே நாற்பது டிகிரிக் காற்றை இழுத்து இழுத்துக் குளிர வைப்பதைவிட அது லேசான வேலை.

சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது நான் அணைத்துவிடுவேன், பெட்ரோலுக்காக அல்ல, இந்தச் சின்ன எஞ்சினுக்கு இழுவை போதாது. இறங்கும்போது தாராளமாகப் போடலாம். கியரில் இறங்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். சக்கரமே கம்ப்ரசரைச் சுற்றிக் கொடுக்கும்.

போன சித்திரையில் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு ஈரோட்டிலிருந்து கோபிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசி போட்டாலே ஜன்னல் கண்ணாடியை இறக்குகிறவர், அன்று கறுப்புக் கண்ணாடியோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார். கவுந்தப்பாடி தாண்டும்போது மணி எத்தனை என்று கேட்டார். கிளம்பி முக்கால் மணி ஆகிறது என்றேன். "அப்ப முப்பது ரூவா ஆச்சு" என்று சொல்லிவிட்டு, கையைத் தடவித் தடவி ஃபேன் திருகைக் கண்டுபிடித்து, மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்தார்.