கூகுள் அனலிட்டிக்ஸா, மடோமோவா?

தளத்துக்கு யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று பார்க்க இந்த இரண்டு கருவிகளில் எதைப் போடுவது என்ற குழப்பம் பலருக்கு.

செலவு: கூகுள் இலவசம். மடோமோவும் நம் சர்வரில் நிறுவினால் இலவசம்தான். ஹோஸ்டிங் செலவு நம் தலையில்.

நிறுவுதல்: கூகுளுக்குச் சில வரி நிரலைத் தளத்தில் ஒட்டினால் போதும். மடோமோவுக்கு சர்வரில் பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் வேண்டும். அப்டேட்டும் நாமே போடணும்.

தரவு: விஷயமே இங்குதான். இலவச ஜிஏ4-இல் (கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) ஒவ்வொரு வருகையாளரும் என்ன செய்தார் என்ற விரிவான தரவு, நாம் எதையும் மாற்றாவிட்டால் 2 மாதம்தான் தங்கும். செட்டிங்ஸில் போய் 14 மாதமாக்கலாம், அதற்கு மேல் கிடையாது. மாற்றாமல் விட்டால், தரவை நாமே அலசிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் போன தீபாவளி விற்பனையை இந்தத் தீபாவளியோடு ஒப்பிட வழியில்லை. (வழக்கமான ரிப்போர்ட்டுகளுக்கு இந்தக் கெடு இல்லை.) மடோமோவில் எல்லாம் நம் டேட்டாபேஸில், நாம் அழித்தால்தான் அழியும். குக்கி (வருகையாளரை அடையாளம் காண அவர் பிரவுசரில் வைக்கும் சிறு கோப்பு) இல்லாமலும் ஓட்டலாம்.

பழகுதல்: மடோமோ எளிது. ஜிஏ4 மெனுவில் ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

கூகுளில் விளம்பரம் கொடுக்கும் கடையா? யோசிக்காமல் ஜிஏ4. தனியுரிமைச் சட்டம் கடுமையான ஐரோப்பாவிலிருந்து வாசகர்கள் அதிகமா, வருகையாளர் விவரம் வெளியே போகக் கூடாதா? மடோமோ. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கட்டணம் கட்டி, மடோமோ நிறுவனமே தன் சர்வரில் நடத்தித் தரும் கிளவுடையே எடுத்துக்கொள்ளுங்கள்.