ரிங் புளோவர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

நுவரெலியாவில் 22 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை என் பொறுப்பு. கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோவர் ஒன்றைக் கொழும்பில் வாங்கினோம். விலை 2 லட்சத்து 85 ஆயிரம் ரூபா. பத்தொன்பதாவது நாள் அது இறுகி நின்றுவிட்டது, அதுவும் ஏப்ரல் சீசனில், எல்லா அறையிலும் ஆள் இருந்த நேரத்தில். தொட்டியில் கழிவைத் தின்னும் கிருமிகளுக்குக் காற்றுத்தான் உயிர். மறுநாள் காலையிலேயே நாற்றம் சமையலறைப் பக்கம் வந்துவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன், மலைநாட்டில் இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது.

சைட் சேனல் புளோவர் என்பதைத்தான் கடைகளில் ரிங் புளோவர் என்கிறார்கள். மோட்டர் தண்டிலேயே ஒரு அலுமினியச் சக்கரம், அதன் விளிம்பில் நெருக்கமாகச் சின்னச் சின்ன இறக்கைகள். சக்கரத்தின் பக்கவாட்டில் வளையம்போல ஒரு கால்வாய். உள்ளே வரும் காற்றை இறக்கை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது, கால்வாயில் சுழன்று அது திரும்பவும் இறக்கையின் அடியில் வந்து விழுகிறது, மறுபடியும் தள்ளப்படுகிறது. ஸ்பிரிங் சுருள்போல இப்படிப் போய்ப் போய் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் ஏறும். சக்கரம் உறையில் எங்கும் படாது, உள்ளே எண்ணெயும் கிடையாது. இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்குதான். நல்ல மெஷின் என்றால் வருடக்கணக்கில் பேசாமல் ஓடும். மீன் வளர்ப்புத் தொட்டி, பொதி செய்யும் மெஷின், பல் வைத்தியரின் உறிஞ்சி என்று பல இடங்களில் இதுதான் வேலை செய்கிறது. நான் குறை சொல்வது மெஷினை அல்ல.

எங்கள் தொட்டியில் காற்று வரும் வட்டுகளுக்கு மேல் 1.8 மீற்றர் தண்ணீர் நிற்கிறது. ஒரு மீற்றர் தண்ணீரைத் தள்ளிக் காற்று வெளியேறக் கிட்டத்தட்ட 98 மில்லிபார் அழுத்தம் வேண்டும், ஆக 176. குழாய், வட்டு இழப்பெல்லாம் சேர்த்தால் 205 வரும். இதைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். "அண்ணே, இது 240 மில்லிபார், தாராளமா ஊதும்" என்றார். மெஷினில் ஒட்டியிருந்த பளபளப்பான ஸ்டிக்கரும் 240 என்றுதான் சொன்னது.

பூட்டிய அன்றே பாதுகாப்பு வால்வு திறந்து காற்று சீறியது. தொட்டியில் குமிழி மெலிதாகத்தான் வந்தது. போன் எடுத்தேன். "புது வால்வு அண்ணே, ஸ்பிரிங் இளகியிருக்கும், முழுசா இறுக்கிடுங்க" என்றார். இறுக்கினேன். குமிழி கொஞ்சம் கூடியது. கிளாம்ப் மீற்றரில் பார்த்தால் கரண்ட், ஸ்டிக்கரில் போட்டதைவிட அதிகம். அதற்கும் "ஓட ஓட சரியாகிவிடும்" என்று பதில். முன்பு நான் தேயிலை பெக்டரியில் வேலை பார்த்தவன். அங்கே டிரையர் ஃபேனின் வாயை மூடினால் கரண்ட் இறங்கும். அந்தப் பழக்கத்தில் இதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். இந்த வகை புளோவரில் அது நேர்மாறு: வழியை அடைத்தால் அழுத்தமும் ஏறும், கரண்டும் ஏறும், சூடும் ஏறும். அந்த வால்வு மெஷினைக் காப்பாற்றத்தான் திறந்திருக்கிறது. அதை இறுக்கச் சொன்னதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

நின்றுபோன பிறகு ஹட்டனிலிருந்து ஒரு மோட்டர் பாஸ் வந்து பிரித்தார். முதலில் போல்ட்டுகளைக் காட்டினார். சாம்பல் பெயின்ட்டுக்கு அடியில் தலைகள் எல்லாம் ஸ்பேனர் வழுக்கித் தேய்ந்திருந்தன. பிறகு நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார். உள்ளே பழைய தகடு, அதன் ஓரங்களில் இன்னும் பச்சை நிறம். "தம்பி, இங்க பாருங்க" என்று டோர்ச் அடித்தார். தகட்டில் இரண்டு வரிசை. 60 ஹேர்ட்ஸ் (கரண்ட் விநாடிக்கு 60 தடவை அலைவது, அதில் மோட்டர் வேகமாகச் சுற்றும்) வரிசையில் 240. நம் நாட்டுக் கரண்டுக்கான 50 ஹேர்ட்ஸ் வரிசையில் 190. வேகம் கூடும்போது வருகிற எண்ணை எடுத்து ஸ்டிக்கரில் அடித்திருக்கிறார்கள். சக்கரம் சூட்டில் விரிந்து உறையை உரசி, விளிம்பில் ஒரு பக்கம் அலுமினியம் உருகியதுபோல இழுபட்டிருந்தது. புது மெஷின் என்ற விலைக்கு எங்கோ ஓடித் தேய்ந்ததை பெயின்ட் அடித்துத் தந்திருக்கிறார்கள்.

அந்த 190கூட இங்கே கிடைக்காது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடற்கரைக் காற்றின் அடர்த்தியில் இங்கே ஐந்தில் நான்கு பங்குதான் இருக்கிறது. புளோவர் தரும் அழுத்தமும் அதே அளவில் குறையும், 190 என்றால் சுமார் 150. தண்ணீரின் எடையோ மலையில் குறைவதில்லை. மோட்டரின் கணக்கும் பொதுவாக 1,000 மீற்றர் உயரம் வரைக்கும்தான், அதற்கு மேல் மெல்லிய காற்றில் சூடு சரியாக ஆறாது. எங்கே பூட்டப் போகிறோம் என்று கடைக்காரர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஹட்டன், பண்டாரவளைக்காரர்களே, நீங்களாகவே உயரத்தைச் சொல்லுங்கள். நுவரெலியாவில் 205 வேண்டும் என்றால் கடல்மட்டக் கணக்கில் 260க்கு மேல் கேட்க வேண்டும். "அதிகபட்ச அழுத்தம் இவ்வளவு, அதிகபட்சக் காற்று இவ்வளவு" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஏமாறாதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உங்களுக்கு வேண்டிய அழுத்தத்தில் எவ்வளவு காற்று வரும் என்று, வளைகோட்டு வரைபடத்தோடு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, பில். எங்களுடையதில் "புளோவர் 1" என்று மட்டும் இருந்தது. மாடல் இல்லை, தொடர் எண் இல்லை, புதிது என்ற சொல்லும் இல்லை. பணத்தைக் கேட்டபோது கடைக்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "வால்வை இறுக்கியது நீங்கள்தானே" என்றும் சொன்னார். அவர் இறுக்கச் சொன்னது போனில், எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் பேசி, படங்களோடு எழுத்திலும் கொடுத்திருக்கிறோம்.

வேறொரு இடத்தில், காற்றை அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்தும் இரண்டு கட்ட புளோவர் வாங்கிப் பூட்டியாயிற்று. கரண்ட் நின்றால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே மெஷினுக்குள் திரும்பாமலிருக்க ஒருவழி வால்வும் வைத்தோம், முதல் கடைக்காரர் அதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. உரித்த ஸ்டிக்கரோடு பழைய மெஷின் ஹோட்டல் ஸ்டோரில் அப்படியே திறந்து கிடக்கிறது. நுவரெலியாப் பக்கம் இப்படியொன்று வாங்க யோசிப்பவர்கள் வந்து நேரில் பார்க்கலாம்.