பழைய பிக்கப்பை வீட்டிலேயே ஃபோர் வீல் டிரைவாக்குவது: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் பழைய பிக்கப்பை ஃபோர் வீல் டிரைவாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முன் ஆக்ஸிலைத் தேடுவதில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். ஆக்ஸில் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நானும் நம்பியிருந்தேன். இரண்டு வண்டிகளை மாற்றி முடித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. எந்த வழியில் மாற்றலாம் என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு இடங்கள். ஒன்று, சேஸிஸின் முன்பகுதியில் சஸ்பென்ஷன் உட்காரும் இடம். மற்றொன்று, கியர்பாக்ஸின் வால்பகுதி. வண்டிக்கு அடியில் படுத்து இந்த இரண்டையும் பார்த்து அளந்த பிறகே உதிரி தேடிப் புறப்பட வேண்டும்.

வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடியவை மூன்று வழிகள். ஃபோர் வீல் டிரைவாகவே தயாரிக்கப்பட்ட அதே தலைமுறை வண்டி ஒன்றின் சேஸிஸை முழுதாக எடுத்து, நம் வண்டியின் கேபினையும் லோடு பாடியையும் அதன்மேல் ஏற்றுவது ஒரு வழி. நம் சேஸிஸின் முன் சஸ்பென்ஷனை அறுத்து நீக்கிவிட்டு, பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஒரே உடலாக வரும் முன் ஆக்ஸிலைப் பொருத்துவது இன்னொன்று. ஃபோர் வீல் டிரைவ் வண்டியின், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும் முன் சஸ்பென்ஷனை அப்படியே கழற்றி நம் சேஸிஸில் மாட்டுவது மற்றொன்று.

கடைசியாகச் சொன்ன வழியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1988-இல் வந்த ஷெவர்லே பிக்கப்பை எடுத்துக்கொண்டால், வெளியே பார்க்க ஒரே வண்டிதான். ஆனால் ஃபோர் வீல் டிரைவில் முன்புறம் முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார், டூ வீல் டிரைவில் சுருள் ஸ்பிரிங், இரண்டுக்கும் குறுக்குச் சட்டங்கள் வேறு. சக்கரத்தைத் தாங்கும் கைகளான விஷ்போன்கள் ஆடும் எட்டு முனைகளையும் மில்லிமீட்டர் பிசகாமல் சேஸிஸில் நிலைநிறுத்த அச்சுச் சட்டகம் வேண்டும். அது தொழிற்சாலையில் இருக்கும், வீட்டில் இருக்காது. ஒரு முனை சற்று விலகினாலும் சக்கரம் மேலும் கீழும் போகும்போது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வகை வண்டிகளுக்கும் உற்பத்தியாளர் ஒரே சேஸிஸையே பயன்படுத்தி, துளைகளையும் விட்டுவைத்திருந்தால் மட்டுமே இந்த வழி சரிப்படும்.

பட்டை ஸ்பிரிங்கும் ஒற்றை ஆக்ஸிலும் கொண்ட வழிதான் வீட்டில் செய்பவர்களிடையே அதிகம் புழங்குகிறது; அதற்குக் காரணமும் இருக்கிறது. சேஸிஸில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தாங்கிகள், ஒரு முனையில் ஸ்பிரிங் நீள இடம் தரும் ஷாக்கிள், நடுவில் யூ போல்ட் என்று முடிந்துவிடும் எளிய அமைப்பு அது. பழைய தொழிற்சாலை வண்டிகளிலேயே முன்மாதிரி உண்டு. 1973 முதல் 1987 வரையிலான ஷெவர்லே பிக்கப்புகளில் ஃபோர் வீல் டிரைவுக்கு முன்புறம் பட்டை ஸ்பிரிங், டூ வீல் டிரைவுக்குச் சுருள் ஸ்பிரிங். டொயோட்டா ஹைலக்ஸின் 1979 மாடல் ஃபோர் வீல் டிரைவும் முன்புறம் பட்டை ஸ்பிரிங்கோடுதான் வந்தது. உங்கள் வண்டியின் குடும்பத்திலேயே அப்படியொரு வண்டி இருந்தால், ஸ்பிரிங் தாங்கிகளின் இடைவெளிகளை அதிலிருந்தே அளந்து எடுக்கலாம். கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ நம்பகமானது.

ஆனால் ஆக்ஸிலை வாங்கும் முன் மூன்று விஷயங்கள் ஒத்துவர வேண்டும். முதலாவது கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். சாதாரண டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இடையில் வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இருக்காது. பின்னால் 4.10, முன்னால் 3.73 என்று இருந்தால் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற ஒன்றுக்கு 41 சுற்றும் மற்றதற்கு 37.3 சுற்றும் தேவை. அந்த இடைவெளியை டயர் வழுக்கித்தான் சரிக்கட்ட வேண்டும். இறுகிய தரையில் வழுக்க முடியாமல் ஜாயிண்ட் கிராஸோ கேஸின் செயினோ அறுந்துபோகும். விகிதம் பொறித்த தகடு அழிந்துபோன ஆக்ஸிலின் விகிதத்தை அறிய ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கச் சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, ஷாஃப்ட் வந்து மாட்டும் பினியன் ஃபிளாஞ்சில் சாக்பீஸால் போட்ட கோடு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ண வேண்டும். நான்கு சுற்றுக்குச் சற்று மேலே போனால் 4.10, நான்கை எட்டாமல் மூன்றே முக்காலில் நின்றால் 3.73. இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இல்லாமல், சுழற்சியை அவற்றுக்குப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரென்ஷியலுக்குத்தான் இந்தக் கணக்கு.

இரண்டாவது, டிஃபரென்ஷியல் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பது. டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் ஷாஃப்ட் வெளிவரும் பக்கமும் ஆக்ஸிலின் டிஃபரென்ஷியல் இருக்கும் பக்கமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். என் முதல் வண்டிக்கு நல்ல நிலையில் இருந்த ஆக்ஸில் ஒன்றைப் பார்த்ததும் வாங்கிக் கழுவி, பெயின்ட்டும் அடித்து முடித்த பிறகுதான் பக்கம் மாறியிருப்பது கண்ணில் பட்டது. அதைக் குப்புறக் கவிழ்த்து மாட்டினால் பக்கம் மாறிவிடும் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. கவிழ்த்தால் பக்கம் மட்டும் மாறாது, சக்கரம் சுழலும் திசையும் மாறிவிடும். பின்சக்கரம் முன்னோக்கி ஓட முன்சக்கரம் பின்னோக்கி ஓடும். அந்த ஆக்ஸில் இன்றும் என் கொட்டகையில்தான் கிடக்கிறது. மூன்றாவது விஷயம் சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கையும் வட்டமும்; முன்னும் பின்னும் வேறுவேறாக இருந்தால் ஒரே ஸ்டெப்னியை எடுத்துச் செல்ல முடியாது.

இவ்வளவும் ஒத்துவந்த பிறகு வரும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதிகக் கவனத்தைக் கேட்பதும் அதுவே. முன் ஆக்ஸிலில் ஸ்பிரிங் உட்காரும் மேடைகளை எந்தக் கோணத்தில் வெல்ட் செய்கிறோமோ, அந்தக் கோணமே பினியன் நோக்கும் திசையையும் சக்கரத்தைத் திருப்பும் மூட்டான ஸ்டீயரிங் நக்கிளின் பின்சாய்வையும் (காஸ்டர்) சேர்த்துத் தீர்மானிக்கிறது. பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி மேலே தூக்கினால் ஜாயிண்டுகளுக்கு நல்லது. ஆனால் அதே அளவு நக்கிளின் மேல்முனை முன்னால் சாய்ந்து காஸ்டர் குறைந்துவிடும். காஸ்டர் குறைந்த வண்டி நேராக ஓடாது, திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. ஆகவே மேடைகளைப் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்தி, வண்டியின் முழு எடையையும் ஸ்பிரிங் மேல் இறக்கி, கோணமானியை நக்கிளின் மேல் வைத்துப் பார்த்து, காஸ்டர் நான்கு முதல் ஆறு டிகிரிக்குள் வரும்வரை திருத்தி, அதன் பிறகுதான் முழு வெல்ட் போட வேண்டும். எடை இறங்காத வண்டியில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் கிண்ணமான ஆயில் சம்ப் அடுத்த சிக்கல். டூ வீல் டிரைவ் எஞ்சினின் சம்ப் சரியாக டிஃபரென்ஷியல் மேலெழும் இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஸ்பிரிங்கின் முதன்மைப் பட்டையை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றி, ஆக்ஸிலை ஜாக்கியால் ரப்பர் தடுப்பில் முட்டும்வரை உயர்த்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். உயரம் போதவில்லை என்பதற்காக முன் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்கிற்கும் இடையில் கட்டை வைப்பதை மட்டும் செய்யவே கூடாது. பிரேக் அடிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக் கட்டையைத் தள்ளிவிட்டால் ஸ்டீயரிங்கே கையைவிட்டுப் போகும்.

கியர்பாக்ஸின் வாலுக்கு வருவோம். டூ வீல் டிரைவ் கியர்பாக்ஸில் நீண்ட வெளி ஷாஃப்டும் அதை மூடும் நீண்ட உறையும் இருக்கும். ஃபோர் வீல் டிரைவில் குட்டையான ஷாஃப்ட், அடாப்டர், அதன்மேல் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸ். ஷாஃப்டை மட்டும் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை முழுதாகப் பிரிக்க வேண்டும். அதைவிட, கேஸோடு ஒட்டியே வரும் முழு கியர்பாக்ஸை வாங்கி மாட்டுவது பல மடங்கு நிம்மதி. இதற்கு மாற்றாக, கியர்பாக்ஸைத் தொடாமலே தனியாகச் சேஸிஸில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பொருத்தலாம். 1970-களின் ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகளில் இப்படித் தனித்துத் தொங்கும் என்பி205 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தது. இரும்பு உடல், செயின் இல்லாமல் முழுக்கக் கியர், லோ விகிதம் 1.96. ஆனால் கியர்பாக்ஸிலிருந்து அதற்குக் குட்டையான இடை ஷாஃப்ட் ஒன்று தேவைப்படும், பின் ஷாஃப்டும் குறுகி, அதன் சாய்வு கூடும். வீல்பேஸ் நீளமான வண்டிக்கு அது நல்ல தேர்வு. குட்டை வண்டிக்கு வேண்டாம்.

ஷாஃப்டைக் குறுக்கி வெல்ட் செய்து வாங்கும்போது இரு முனைகளிலும் ஜாயிண்டைப் பிடிக்கும் கவைகளான யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். என் இரண்டாவது வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தரையே அதிரும். டயர், பேரிங் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஷாஃப்டைக் கழற்றித் தட்டையான மேசையில் வைத்தபோது ஒரு யோக் மற்றதற்குச் சற்றுத் திரும்பியிருந்தது. கண்ணால் பார்த்தே பிடிபடும் பிழை. கொண்டுவந்த அன்றே பார்த்திருக்கலாம்.

இத்தனை கோணங்களையும் அளவுகளையும் முழுச் சேஸிஸ் மாற்றத்தில் தொழிற்சாலையே செய்து தந்துவிடுகிறது. அதன் பெரிய பலம் அதுதான். பிரேக், ஸ்டீயரிங், காஸ்டர், ஷாஃப்ட் நீளம் எல்லாம் ஏற்கெனவே ஒத்துப்போனவை. வேலை என்று பார்த்தால் கேபினைத் தூக்குவது, ஒயரிங்கைப் பிரித்துச் சேர்ப்பது, டீசல் டேங்க்கையும் குழாய்களையும் மாற்றுவது, டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவருக்குக் கேபின் தரையில் துளை போடுவது. சலிப்பானதுதான், ஆனால் ஆபத்து குறைவு. உயிரைத் தாங்கும் இடத்தில் உங்கள் வெல்ட் எதுவும் இராது. குறைகளும் உண்டு. கேபினைத் தூக்க உயரமான கூரையும் நான்கைந்து பேரும் வேண்டும், முழு வண்டி ஒன்றைப் பிரித்துப் போட இடமும் வேண்டும். பல வண்டிகளில் அடையாள எண் சேஸிஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், சேஸிஸ் மாறினால் ஆவணத்தில் வண்டியே மாறிவிடும். பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே முதல் போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

அதே தலைமுறை வண்டி துருப்பிடிக்காத சேஸிஸோடு கிடைத்து, ஆவணச் சிக்கலும் இல்லையென்றால் நான் தயங்காமல் சேஸிஸ் மாற்றத்தையே தேர்ந்தெடுப்பேன். ஒற்றை ஆக்ஸில் வழி, சேஸிஸில் போட்ட வெல்டைத் தானே அறுத்துச் சோதித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கானது. கனரக வண்டிகளின் வெப்பப் பதமேற்றிய சேஸிஸில் அவர்களும் வெல்ட் செய்யாமல் போல்ட்டால்தான் இணைக்க வேண்டும். சூடு பட்ட இடம் வலுவிழந்து அங்கேதான் விரிசல் தொடங்கும்.

ஈரமான வயல் வாசலிலோ செம்மண் ஏற்றத்திலோ எப்போதாவது சிக்கிக்கொள்வது மட்டுமே பிரச்சினையென்றால், இவை எதுவுமே தேவைப்படாமல் போகலாம். பின் டிஃபரென்ஷியலில் லாக்கர், ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர், லோடு பாடியில் பின் ஆக்ஸிலுக்கு நேர்மேலே கொஞ்சம் எடை ஆகிய மூன்றும் இரண்டு நாளில் முடிகிற வேலை. சேற்றில் முன்சக்கரத்தை வெட்டித் திருப்பும்போது வண்டி திரும்பாமல் நேராகவே தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்தில் லாக்கரால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் பாதையில் அப்படித் திரும்ப வேண்டிய சேறு இருக்கிறதா என்பதை ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு ஆக்ஸில் தேடப் போகலாம்.